பிரிக்ஸ்டன் நடைச் சுற்றுலா: காசு கொடுத்துப் போகலாமா?

லண்டனில் நடைச் சுற்றுலாவுக்குப் பஞ்சமே கிடையாது. பேய் வீடு காட்டுகிறேன் என்று ஒரு கூட்டம், பழைய கொலைகாரன் உலாவிய சந்துகளைக் காட்டுகிறேன் என்று இன்னொரு கூட்டம். நான் போனது தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் பக்கம், கறுப்பினப் பெண் போராளிகள் வாழ்ந்த, பத்திரிகை அச்சடித்த, போலீஸிடம் அடிவாங்கிய தெருக்களை நடந்தே காட்டுகிற ஒரு சுற்றுலா. நடத்துகிறவர்கள் சின்னக் குழு, குறையும் சொல்லப் போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். இதே மாதிரி நடைகளை வேறு சிலரும் நடத்துகிறார்கள், இடங்களும் எல்லோருக்கும் பொது, அதனால் யாரோடு போனாலும் இதில் பாதியாவது உதவும். கட்டணம் இருபது பவுண்டுக்குள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போகலாம். ஆனால் அவர்கள் எந்த இடத்தை அவசர அவசரமாகக் கடந்தார்களோ, அதுதான் இந்த நடையிலேயே பெரிய விஷயம் என்று எனக்குப் பட்டது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

சந்திக்கும் இடம் விண்ட்ரஷ் சதுக்கம், சுரங்க ரயில் நிலையத்திலிருந்து பொடிநடை. 1948-இல் கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த கப்பலின் பெயரை ஐம்பது வருடம் கழித்து இந்த இடத்துக்கு வைத்தார்கள். ஓரத்திலேயே கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1981-இல் தொடங்கிய முயற்சி, இந்தக் கட்டடத்துக்குள் வந்தது 2014-இல். கொஞ்சம் முன்னதாகவே போய் அன்றைக்கு என்ன கண்காட்சி என்று பார்த்துவிடுங்கள், நடை முடிந்து திரும்பிவரக் காலில் தெம்பு இருக்காது.

சதுக்கத்தில் முதலில் நிறுத்தியது ஒரு நினைவுச்சின்னத்தின் முன்னால். ஒற்றைத் தூண், அதன்மேல் முக்கோணக் கூரை, கீழே உட்கார இடம். டேவிட் அட்ஜாயே வடிவமைத்து 2021-இல் திறந்தது. செர்ரி க்ரோஸ் என்ற, ஜமைக்காவில் பிறந்த தாய்க்காக எழுப்பியது. 1985 செப்டம்பர் 28 காலையில் அவருடைய மகனைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்த போலீஸ், அவரைச் சுட்டது. நடக்க முடியாமல் போய்விட்டது. சுட்ட அதிகாரி 1987-இல் விடுதலையானார். க்ரோஸ் 2011-இல் இறந்த பிறகு, 2014-இல் நடந்த மரண விசாரணையில்தான் போலீஸின் தவறுகள் அவர் சாவுக்குக் காரணமாக இருந்தன என்று ஜூரி சொன்னது. குடும்பம் விடாமல் துரத்தியதால்தான் அந்த அளவுக்காவது வந்தது. க்ரோஸ் எந்த இயக்கத்திலும் இருந்தவர் இல்லை, வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர். போராளிகளைப் பற்றிய நடையை அவரிடமிருந்து தொடங்கியது நல்ல யோசனை. இதற்குப் பிறகு வரும் பெண்கள் எதை எதிர்த்துக் கத்தினார்கள் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து அட்லாண்டிக் ரோடு. தலைக்குமேல் ரயில் பாலம், கீழே மீன்கடையும் வாழைக்காய்க் கடையும் துணிக்கடையும். 1969 நவம்பர் 15 அன்று டெஸ்மண்ட்ஸ் ஹிப் சிட்டி என்ற இசைத்தட்டுக் கடைக்கு வெளியே ஒரு மெர்சிடிஸ் கார் நின்றது. ஓட்டிவந்தவர் கிளமெண்ட் கோம்வாக், நைஜீரியத் தூதரக அதிகாரி. கறுப்பு மனிதனிடம் இவ்வளவு பெரிய கார் எப்படி வந்தது, திருட்டாகத்தான் இருக்கும் என்று போலீஸ் அவரை இழுத்துப்போட்டு அடித்தது. கூட்டம் கூடியது. அதில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி குறுக்கே புகுந்தாள். ஆலிவ் மோரிஸ். ஜமைக்காவில் 1952-இல் பிறந்து, ஒன்பது வயதில் லண்டன் வந்தவர். அன்று அவருக்கு விழுந்த அடியில் முகமே அடையாளம் தெரியாமல் வீங்கிப்போனது என்று வீட்டார் பின்னர் சொல்லியிருக்கிறார்கள். அடி வாங்கியது போதாதென்று வழக்கும் அவர்மேலேயே. 10 பவுண்டு அபராதம், கூடவே நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. சரியாக நாற்பது வருடம் கழித்து, 2009-இல், பிரிக்ஸ்டன்காரர்கள் தங்கள் ஊர்க் கடைகளுக்கென்று தனியாக நோட்டு அச்சடித்தபோது ஒரு பவுண்டு நோட்டில் போட்டது இவருடைய முகத்தை. வழிகாட்டி அந்த நோட்டு ஒன்றை பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார், கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம்.

இந்த இடத்தில் ஒரு புகார். அட்லாண்டிக் ரோடு சந்தைத் தெரு, மேலே ரயில் போய்க்கொண்டே இருக்கும், சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். வழிகாட்டியிடம் மைக் கிடையாது. முன்னால் நின்ற ஏழெட்டுப் பேருக்குத்தான் கதை கேட்டது, பின்னால் நின்றவர்கள் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசு வாங்குகிறவர்கள் சின்னதாக ஒரு இடுப்பு ஒலிபெருக்கி வாங்கிக்கொள்ளக் கூடாதா?

ரெயில்டன் ரோடு அதைவிட அமைதி. இன்று பார்த்தால் பூந்தொட்டி வைத்த வீடுகளும், விலையைக் கேட்டால் மயக்கம் வரும் குடியிருப்புகளும். ஒரு காலத்தில் இதற்குப் ‘போர்முனை’ என்றுதான் பெயர். 1981 ஏப்ரலில், தெருவில் போகிற இளைஞர்களை வகைதொகையில்லாமல் நிறுத்திச் சோதித்த போலீஸ் நடவடிக்கைக்கு எதிராக ஊரே வெடித்தபோது அதன் நடுவில் இருந்த தெரு. ஆனால் பெண்களின் கதை அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே தொடங்குகிறது. 121-ஆம் எண் வீடு காலியாகக் கிடந்தது. ஆலிவ் மோரிஸும் அவருடைய தோழி லிஸ் ஓபியும் எழுபதுகளின் தொடக்கத்தில் அதில் புகுந்து குடியேறினார்கள். போலீஸ் வெளியேற்ற வந்தபோது மோரிஸ் கூரைமேல் ஏறி நின்றார்; அந்தப் படம் பின்னால் காலி வீடுகளில் குடியேறுவோருக்கான கையேட்டின் அட்டையில் வந்தது. சபார் என்ற கறுப்பினப் புத்தகக் கடையும் இந்த வீட்டிலிருந்து நடந்தது. வாடகைக்கு வீடு கேட்டுப்போனால் கறுப்பர்களுக்குத் தரமாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஊரில், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து புத்தகக் கடை வைத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பக்கத்துத் தெரு ஷேக்ஸ்பியர் ரோடு. கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிரிட்டிஷ் பிளாக் பாந்தர் இயக்கத்தின் தலைமையிடம் இருந்த தெரு, நாங்கள் முனையில் நின்று கைகாட்டிப் பார்த்ததோடு சரி. அல்தியா ஜோன்ஸ்-லெகோயின்ட் பற்றி இரண்டு நிமிடம்தான் கிடைத்தது, அவருக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கலாம். டிரினிடாட்டிலிருந்து உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் படிக்க வந்தவர், வந்த இடத்தில் பாந்தர் இயக்கத்துக்கே தலைமை ஏற்றார். 1970 ஆகஸ்ட் 9 அன்று மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில்லில் மாங்குரோவ் என்ற உணவகத்தைப் போலீஸ் மறுபடி மறுபடி சோதனை போட்டதை எதிர்த்து ஊர்வலம். ஒன்பது பேர்மேல் கலவர வழக்கு. ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் 55 நாள் நடந்த விசாரணையில் இவர் வக்கீல் வைக்காமல் தனக்காகத் தானே வாதாடினார். ஒன்பது பேரும் கலவரக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. போலீஸ் தரப்பிலும் இனவெறுப்பு இருந்ததை நீதிபதியே ஒத்துக்கொண்டார்.

மறுபடி ரெயில்டன் ரோடு. 165-ஆம் எண்ணில் டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததைச் சொல்லும் நீலத் தகடு இருக்கிறது. எல்லோரும் படம் எடுத்தார்கள். அதே வீட்டில் ‘ரேஸ் டுடே’ இதழை நடத்திய பெண்களுக்குச் சுவரில் ஒன்றும் இல்லை. பின்னாளில் அதன் ஆசிரியரான லீலா ஹசன் அங்கே வேலை செய்தவர். நம் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு: மாலா சென். பூலான்தேவியின் வாழ்க்கையை எழுதினாரே, அவர்தான். கிழக்கு லண்டனில் வீடு கிடைக்காமல் அல்லாடிய வங்காளிக் குடும்பங்களைக் காலி வீடுகளில் குடியேற்றும் இயக்கம் இந்த இதழ்க்காரர்களோடு சேர்ந்து நடந்தது. ‘ரேஸ் டுடே’ முதலில் இனஉறவு நிறுவனம் என்ற அமைப்பின் இதழாக இருந்து பிரிந்து வந்தது. அந்த நிறுவனத்தில் நூலகராக இருந்து, 1972-இல் ஊழியர்களோடு சேர்ந்து நிர்வாகத்தையே மாற்றிப்போட்டவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்திலிருந்து வந்த அ. சிவானந்தன். 1958-இல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வந்து இறங்கினால், இங்கே நாட்டிங் ஹில்லில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பர்களை அடித்துக்கொண்டிருந்தன. வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, நடை பெண்களைப் பற்றியது. ஆனால் தமிழர்கள் போனால் இதையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

இனி, அவசரமாகக் கடந்த விஷயம். 1973-இல் மோரிஸும் மற்றவர்களும் சேர்ந்து பிரிக்ஸ்டன் கறுப்பினப் பெண்கள் குழுவைத் தொடங்கினார்கள். பாந்தர் இயக்கத்தில் ஆண்கள் பேச, பெண்கள் தட்டச்சு அடிக்க என்ற ஏற்பாடு அலுத்துப்போனது ஒரு காரணம், வெள்ளைப் பெண்ணியக் கூட்டங்களில் தங்கள் பிரச்சினைக்குக் காது கொடுக்க ஆள் இல்லாதது இன்னொரு காரணம். 1978-இல் இது தேசிய அளவுக்குப் போனது. ஸ்டெல்லா டாட்ஸி, கெர்லின் பீன், மோரிஸ் எல்லோரும் இருந்த அந்த அமைப்பின் பெயர் முதலில் ஆப்பிரிக்கப் பெண்களையும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களையும் மட்டும்தான் குறித்தது. சில மாதங்களிலேயே ‘ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளிப் பெண்களின் அமைப்பு’ என்று மாற்றினார்கள். ஓவாட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1979 மார்ச்சில் பிரிக்ஸ்டனின் அபெங் மையத்தில் முதல் மாநாடு, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இருநூற்றைம்பது பேருக்குக் குறையாமல் பெண்கள் வந்தார்கள்.

என்னென்ன பேசினார்கள் என்று பார்த்தால்தான் இது எவ்வளவு தூரம் விரிந்த வேலை என்று புரியும். 1824-ஆம் வருடத்து நாடோடிகள் சட்டத்தை வைத்து, சந்தேகம் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளைப் பிடித்துப்போகிற போலீஸ் (அந்தச் சட்டப்பிரிவை ஒழிக்க லூயிஷமில் மேவிஸ் பெஸ்ட் போன்ற தாய்மார்கள் நடத்திய இயக்கம் 1981-இல் வென்றது). கரீபியப் பிள்ளைகளை மந்தபுத்தி என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிக்குத் தள்ளுவது, அதற்குப் பதிலாகத் தாங்களே நடத்திய சனிக்கிழமைப் பள்ளிகள். கறுப்பினப் பெண்களுக்குச் சரியாக விளக்காமலே போடப்பட்ட டெப்போ-ப்ரோவெரா கருத்தடை ஊசி. அப்புறம் ஹீத்ரோ. 1979 ஜனவரியில் கல்யாணம் செய்துகொள்ள வந்த இந்தியப் பெண் ஒருவரை விமான நிலையத்தில் கன்னித்தன்மை சோதனை செய்தார்கள், குடியேற்ற அதிகாரிகளின் உத்தரவில். ஆசியப் பெண்களின் ஆவாஸ் குழுவும் ஓவாட்டும் சேர்ந்து ஹீத்ரோவில் போய் உட்கார்ந்து போராடினார்கள். ஜமைக்காவிலும் கயானாவிலும் வேர் உள்ள பெண்கள், முன்பின் தெரியாத ஓர் இந்தியப் பெண்ணுக்காக விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்தார்கள் என்ற செய்திக்கு எங்கள் நடையில் கிடைத்தது நடந்துகொண்டே சொன்ன ஒரு வாக்கியம். குழுவில் என்னையும் சேர்த்து மூன்று நான்கு தெற்காசிய முகங்கள் இருந்தும்!

அந்த ஒற்றுமை சுகமாக ஓடியது என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆப்பிரிக்க விடுதலைப் போர்களுக்கு முதலிடமா, இங்கே தெருமுனைப் பிரச்சினைக்கு முதலிடமா, ஆசியப் பெண்களின் கேள்விகளும் கரீபியப் பெண்களின் கேள்விகளும் ஒரே பெயருக்குள் அடங்குமா, பெண்ணைக் காதலிக்கும் பெண்களைப் பற்றி மேடையில் பேசலாமா கூடாதா என்று சண்டை வந்தது, சில வருடங்களிலேயே அமைப்பு கலைந்தும் போனது. அதையும் சொல்ல வேண்டும். சண்டையை மறைத்துவிட்டுச் சிலை மாதிரிக் காட்டினால் அடுத்த தலைமுறை தங்கள் குழுவில் முதல் சண்டை வந்ததுமே நமக்கு இது சரிவராது என்று எழுந்து போய்விடும். டாட்ஸியின் தாள்கள், கூட்டக் குறிப்புகள், துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் நாங்கள் புறப்பட்ட அதே காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு பிரசுரத்தின் நகலையாவது கையில் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு பவுண்டு நோட்டைவிட அது அதிகம் பேசியிருக்கும்.

மோரிஸ் அந்த மாநாடு நடந்த வருடமே ஜூலை 12 அன்று புற்றுநோயில் இறந்தார். 27 வயது. பிரிக்ஸ்டன் அடங்கிய லாம்பெத் நகராட்சி 1986-இல் ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்து, 2020-இல் அதை இடித்தது. வழிகாட்டி இதை ஒரு மாதிரிச் சிரிப்போடு சொன்னார்.

கடைசிப் பகுதிக்கு பஸ். பிரிக்ஸ்டன் ரோடு 250-ஆம் எண், அன்று கீழே தியோ காம்ப்பெல்லின் இசைத்தட்டுக் கடை, மாடியில் ‘வெஸ்ட் இந்தியன் கெஜட்’ அலுவலகம். கிளாடியா ஜோன்ஸ் 1958 மார்ச்சில் தொடங்கிய பத்திரிகை. நடையிலேயே நன்றாகச் சொல்லப்பட்ட கதை இதுதான், மைக் இல்லாத குறைகூட இங்கே தெரியவில்லை. 1915-இல் டிரினிடாட்டில் பிறப்பு, எட்டு வயதில் நியூயார்க். அம்மா தையல் பட்டறையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே சுருண்டு விழுந்து இறந்தார். மகள் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், கறுப்பினப் பெண்ணை இனத்தாலும் வர்க்கத்தாலும் பாலினத்தாலும் மூன்று பக்கமும் நசுக்குகிறார்கள், அதைத் தன் கட்சியே கண்டுகொள்வதில்லை என்று 1949-இல் கட்சிக்காரர்களையே பிடித்து விளாசி எழுதினார். அமெரிக்கா சிறையில் போட்டது, பிறகு 1955-இல் நாடுகடத்தியது. எங்கே அனுப்புவது? பிறந்த டிரினிடாட்டின் பிரிட்டிஷ் ஆளுநர் இந்த அம்மா வந்தால் தொல்லை என்று கைவிரிக்க, லண்டனுக்கு அனுப்பினார்கள். தொல்லையை நேராகத் தலைநகரத்துக்கே அனுப்பிவைத்த புத்திசாலித்தனம்.

வந்து இரண்டு மூன்று வருடத்தில் பத்திரிகை, அதன் ஆசிரியர் குழுவில் கறுப்பின விடுதலைத் தலைவர் மார்கஸ் கார்வியின் முதல் மனைவியும் அவரது இயக்கத்தைச் சேர்ந்து தொடங்கியவருமான ஏமி ஆஷ்வுட் கார்வி. பின்னால் பத்திரிகைப் பெயரோடு ‘ஆப்ரோ-ஏஷியன்’ என்பதும் சேர்ந்துகொண்டது. 1958 நாட்டிங் ஹில் கலவரத்துக்குப் பிறகு, ஜனங்களின் மனதைத் தேற்ற 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபத்தில் ஒரு கரீபியத் திருவிழா நடத்தினார். ஜனவரிக் குளிரில் தெருவில் ஆடமுடியாது, அதனால் மண்டபம். அன்றைய மலரை விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவரத்தில் சிக்கிய இளைஞர்களின் அபராதத்துக்கு. கறுப்பு இளைஞர்களுக்கு மட்டுமல்ல, வெள்ளை இளைஞர்களுக்கும் சேர்த்தே என்று மலரிலேயே அச்சிட்டிருந்தார்கள். 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணி நடந்த மூன்றாம் நாள் லண்டனில் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஆதரவு ஊர்வலம் கூட்டிப்போனதிலும் இவர் இருந்தார். காசநோயும் இதயநோயும் பணத்தட்டுப்பாடும் கூடவே இருந்தன. 1964 டிசம்பர் 24 அன்று இறந்தார்.

நம் ஊர்த் தோழர்கள் லண்டன் வந்தால் ஹைகேட் கல்லறைக்குப் போய் மார்க்ஸ் சிலை முன்னால் முஷ்டியை உயர்த்தி ஒரு படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அந்தப் படங்களில் எத்தனையில் பக்கத்துக் கல் தெரிகிறது என்று பாருங்கள். மார்க்ஸுக்கு இடப்பக்கம் படுத்திருப்பவர் இந்த கிளாடியா ஜோன்ஸ்தான். அவருக்குக் கல் வைக்கவே 1984 வரை ஆனது. ஹைகேட் இந்த நடையில் சேராது, அது ஊரின் மறுகோடி.

ஸ்டாக்வெல்லில் முடித்தார்கள். போர் நினைவுத் தோட்டத்தில் பத்தடி உயர வெண்கலப் பெண், குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி. 2008 அக்டோபரில் திறந்தது, இங்கிலாந்தில் பொது இடத்தில் நிறுத்தப்பட்ட முதல் கறுப்பினப் பெண் சிலை என்கிறார்கள். கயானாவிலிருந்து வந்த ஆசிரியை, கவிஞர் செசீல் நோப்ரேகா தன் கவிதையை வைத்து, வயதான காலத்தில் வருடக்கணக்காக அலைந்து பணம் திரட்டி நிறுத்த வைத்தது. சிலை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, சுற்றிலும் வண்டி ஓடும் சந்திப்பில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதாகவும் தெரியவில்லை. அதை நிறுத்த அலைந்த அம்மாவின் கதை பிடித்தது.

போகிறவர்களுக்கு: இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், மூன்றுக்குப் பக்கம் இழுக்கும். வழியில் கழிப்பறைக்கு ஏற்பாடு இல்லை, காப்பகத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு உங்கள் அட்டைதான், கட்டணத்தில் சேராது. முட்டிவலிக்காரர்கள் ரெயில்டன் ரோடு வரை போய்விட்டு மீதியை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாலும் நஷ்டமில்லை. பதின்வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம், சின்னக் குழந்தைகள் வேண்டாம், கேட்கிற விஷயம் அப்படி. வாரநாள் நடை இருந்தால் அதையே பதிவு செய்யுங்கள், அட்லாண்டிக் ரோட்டில் காது கேட்கும். ரெயில்டன் ரோடு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் வழிகாட்டி சும்மாதான் இருப்பார். ஹீத்ரோவைப் பற்றி அப்போது கேளுங்கள், நான் கேட்டேன், பஸ் வந்த பிறகும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.